செத்தது மண்ணாங்கட்டிதான்

மண்ணாங்கட்டி செத்த எட்டாம் நாள் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நிலத்துக்கு இல்லை. இருந்ததே ஒன்றரைக் காணி. அதையும் கிழவர் உயிரோடு இருக்கும்போதே நடுவில் வரப்பு போட்டுக் கொடுத்துவிட்டார். சண்டை பேருக்கு.

"கருமாதிப் பத்திரிகையில அப்பா பேரை அப்பிடியே போட்டா நல்லாவா இருக்கும்?" என்று ஆரம்பித்தவன் இளையவன் சின்னதுரை. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். கல்யாணத்துக்கும் சபாரி சூட்டு, சாவுக்கும் சபாரி சூட்டு.

மூத்தவர் சவுரிராயன் ஊரோடு இருந்து பயிர் வைக்கிறவர். வயசு அறுபது. படித்தது மூன்றாம் வகுப்பு. யாரையும் நம்பாமல் இருப்பதற்கு அந்தப் படிப்பு போதும். தராசை நம்பமாட்டார். தபால்காரரை நம்பமாட்டார். பஸ்ஸின் நெற்றியில் விழுப்புரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் டிரைவரை ஒரு தடவை, கண்டக்டரை ஒரு தடவை கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருக்கிற அம்மாளிடம், "நீ விழுப்புரந்தான் போறியா, இல்ல உன்னையும் ஏமாத்திட்டானுவளா?" என்று கேட்பார்.

"அப்பிடியே போடாம தலைகீழாவா போடுவாங்க?" என்றார் அவர்.

"அதில்லண்ணா. நாலு பேரு படிக்கிறது. சிரிப்பாங்க."

"எம்பத்தாறு வருசம் அந்தப் பேரோடதான் நடமாடிக்கினு இருந்தாரு. சிரிச்சவன்லாம் அவருக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான். இப்ப எவன்டா பாக்கி இருக்கான் சிரிக்க?"

"ராஜாமணின்னு போட்டுக்கலாம்ணா. மண்ணு, மணி. ஏறக்குறைய ஒண்ணுதான்."

"கழுதை, குதிரை. அதுவும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஏறிக்கினு போடா திண்டிவனத்துக்கு!"

சின்னதுரை வாயை மூடிக்கொண்டான். சண்டை தீர்ந்தது என்று சவுரிராயன் நினைத்தார். பேசாமல் இருக்கிறவனை நம்பக்கூடாது என்பது மட்டும் அன்றைக்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தப் பேர் சும்மா வந்த பேர் இல்லை. கிழவருக்கு முன்னால் அவருடைய அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, ஒன்றும் தங்கவில்லை. மூன்றுக்கும் வாய் நிறைய சாமி பேராக வைத்திருந்தார்கள். நாலாவது பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, மறுபடி வாங்கி, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். எமன் ஏட்டைப் புரட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பேரைப் பார்த்தால், சித்திரகுப்தன் தூக்கக் கலக்கத்தில் எதையோ கிறுக்கியிருக்கிறான் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். அதுதான் ஏற்பாடு. ஏற்பாடு பலித்தது. எண்பத்தாறு வருஷம் எமன் அடுத்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவருக்கு அந்தப் பேரால் ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை கிணற்றுத் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனார். பேர் என்ன என்று கேட்டதற்குச் சொன்னார். கோர்ட்டே சிரித்தது. "ஒழுங்காச் சொல்லுய்யா" என்றார்கள். "மண்ணாங்கட்டிதாங்க எசமான். ஆனா பொய் சொல்ற மண்ணாங்கட்டி இல்லீங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தனக்குக் கிடைக்காத பெரிய பேரையெல்லாம் மாட்டுக்கு வைத்தார். வலத்து மாடு ஜமீன்தார், இடத்து மாடு கலெக்டர். பேர் வைத்தால் அதற்குண்டான மரியாதையும் கொடுக்க வேண்டும் என்பார். "ஜமீன்தாரே, கொஞ்சம் நவுருங்க, ஏரு மாட்டணும்." உழவில் கலெக்டர் சாணி போட நின்றால், முடிக்கும்வரை காத்திருந்து, "ஐயாவுக்கு ஆச்சுங்களா, போலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். ஒரு நாள் கிராம அதிகாரி வாசலில் வந்து கூப்பிட்டபோது, கொல்லைப் பக்கமிருந்து, "கலெக்டரைக் குளிப்பாட்டிக்கினு இருக்கேங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று குரல் கொடுத்தார். வந்த மனுஷன் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையை உரிக்கும்போது முத்தினதைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, சூம்பினதைத் தான் மென்றுகொண்டு, "இதுலதான்டா ருசி" என்பார். சவுரிராயன் தன் வாழ்நாளில் நம்பின ஒரே பேச்சு அது. தனக்கென்று சொந்தமாக மல்லாட்டை போட்டு, சூம்பினதை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தபோது வயசு நாற்பது. கசந்தது. கொல்லையில் நின்று, "எம்மாம் பெரிய பொய்யி!" என்று சத்தம் போட்டார். அந்தப் பொய்க்கு மட்டும் அவரால் கோபப்பட முடியவில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷனை வேறு எவன் பேரிலோ அனுப்பிவைப்பதா? பத்தாம் நாள் சவுரிராயன் தானே விழுப்புரம் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சாபீஸ். முதலாளியும் அவரே, எழுத்துக் கோக்கிறவரும் அவரே. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பாய்.

"காலமானவர் பேரு சொல்லுங்க."

"மண்ணாங்கட்டி" என்றார் சவுரிராயன். சிரித்தால் எழுந்து போவதற்குத் தயாராக ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

பாய் ஈய எழுத்து வைத்திருந்த அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினார். சிரிக்கவில்லை. சவுரிராயனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா பாய், சிரிக்கலியா?"

"எதுக்குங்க சிரிக்கணும்? எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு ரெண்டு போச்சு. தர்காவுல மடிப்பிச்சை ஏந்தி என்னைப் பெத்தாங்க. என் பேரு மொய்தீன் பிச்சை. பிச்சை மண்ணாங்கட்டியப் பாத்துச் சிரிச்சா நாயமாங்க?"

சவுரிராயன் வெளியே வைத்திருந்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார். ஆனாலும் முழுசாக நம்பிவிடவில்லை. சரி பார்க்க ஒரு தாள் அடித்துக் கொடுத்தபோது, விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போனவர் மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டார்.

"இன்னா பாய் இது? கால் தனியா நிக்குது."

"அது ணா-ங்க."

"ணா எனக்குத் தெரியாதா? நான் படிச்ச ணா ஒரே எழுத்து. கால் சுருண்டு ஒட்டிக்கினு இருக்கும். இங்க ண ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்."

"கவர்மெண்டுல எழுத்தை மாத்தி நாலஞ்சு வருசம் ஆவுதுங்க. இப்பல்லாம் இப்பிடித்தான்."

"கவர்மெண்டுக்கு எங்கப்பன் கால்ல இன்னா வேலை? எம்பத்தஞ்சு வயசு வரைக்கும் நல்லா நடந்துகினு இருந்த மனுசன். நீ எதுக்குக் கழட்டித் தனியா வச்சிருக்கிற?"

மொய்தீன் பிச்சை கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, எதிரில் இருந்தவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் புகுந்து, பழைய டப்பா ஒன்றை இழுத்து, துரு வாசனைக்கு நடுவில் கால் மணி நேரம் துழாவினார்.

"ஒரே ஒரு பழைய ணா கிடக்குதுங்க. கொஞ்சம் தேஞ்சிருக்கு."

"பரவால்ல. அவரும் தேஞ்சுதான் போனாரு."

கறுப்புக் கரை போட்ட இருநூறு பத்திரிகையில், மண்ணாங்கட்டி ஒட்டின காலோடு காலமானார்.

தபாலை நம்பாததால் சவுரிராயன் பத்திரிகையைத் தன் கையாலேயே கொடுத்தார். உறவுமுறைக்குக் கொடுத்து மிஞ்சினதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற கண்டக்டர்களிடமெல்லாம் திணித்தார். திண்டிவனம் பஸ், கண்டாச்சிபுரம் பஸ், திருவெண்ணெய்நல்லூர் பஸ் என்று ஒன்றையும் விடவில்லை. "தெரிஞ்சவங்க ஏறினா குடுங்க" என்றார். தெரிந்தவர் எவர் என்று கண்டக்டருக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய கூச்சல் வந்தது. ராஜாமணி வீட்டுப் பக்கம்.

ராஜாமணி என்று நிஜமாகவே ஒருத்தர் அந்த ஊரில் இருந்தார். சவுரிராயனுக்கு மாமா முறை. சாவுக்குப் பயப்படுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவர். தும்மினால் கண்டாச்சிபுரத்து டாக்டரிடம் போவார். தும்மல் நின்றாலும், ஏன் நின்றது என்று கேட்கப் போவார்.

சவுரிராயன் போய்ப் பார்த்தபோது, அந்த வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் ரோஜா மாலையோடு நின்றிருந்தார்கள். சின்னதுரை கடை ஆட்கள். முதல் பஸ் பிடித்துத் திண்டிவனத்திலிருந்து வந்தவர்கள். கயிற்றுக் கட்டிலில் ராஜாமணி உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒருவன் குரலைத் தாழ்த்தி, "பெரியவரே, மாலையை எங்க போடணும்? நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எவருக்கு?"

"செத்துப்போன ராஜாமணிக்கு."

வந்தவன் பத்திரிகையைப் பிரித்துப் படித்துக் காட்டினான். "மேற்படி ஊரில் இருக்கும் உயர்திரு ராஜாமணி அவர்கள், வயது எண்பத்தாறு, இறைவனடி சேர்ந்தார்…"

"எனக்கு எழுவத்தாறுதான்டா ஆவுது!" என்று அலறினார் ராஜாமணி. பிறகுதான் மற்ற விஷயம் உறைத்தது. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். "ஏ தையல்நாயகி! எனக்கு ஏதாச்சும் ஆயிட்டுதா?"

"காலையில ரெண்டு உருண்டை கேப்பைக்களி முழுங்கினது யாரு, உங்க ஆவியா?" என்றாள் அவள். "அந்த மாலையக் குடுங்க தம்பி, வாசக்கால்ல மாட்டி வச்சிக்கிறேன். என்னிக்கின்னாலும் உதவும்."

சவுரிராயன் பத்திரிகையைப் பிடுங்கி எழுத்துக் கூட்டினார். கறுப்புக் கரை. திண்டிவனத்து அச்சு. கீழே, 'இங்ஙனம் துக்கமுள்ள மகன்கள், சவுரிராயன், சின்னதுரை.' துக்கமுள்ள மூத்த மகனுக்குத் தலையில் சுர்ரென்று ஏறியது. பந்தலுக்குத் திரும்பிப்போய்ச் சின்னதுரையின் சபாரி காலரைப் பிடித்தார்.

"இன்னாடா இது?"

"கோவப்படாதண்ணா. திண்டிவனத்துல மட்டுந்தான் குடுத்தேன். இருவத்தஞ்சே பேரு."

"அந்த இருவத்தஞ்சு பேருக்கு நம்ம அப்பன் வேற ஆளா?"

சின்னதுரையின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "செண்பகத்துக்காகண்ணா. மில்லுக்காரர் சீனுவாசன் வூட்டுல இருந்து கேட்டுக்கினு இருக்காங்க. பெரிய இடம். பொண்ணோட தாத்தா பேரு இன்னான்னு கேட்டாரு. மண்ணாங்கட்டின்னு சொல்ல வாய் வரல. ராஜாமணின்னுட்டேன். இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இன்னிக்கு அவரே வர்றாரு. தண்ணி விடறப்ப மட்டும் ராஜாமணின்னு சொல்லிடுண்ணா. ஒரே ஒரு நாளைக்கு. உன் காலைப் புடிக்கிறேன்."

"என் காலைப் புடிக்கிற. அப்பன் காலை வாருற."

ஆனால் சின்னதுரையின் மகள் செண்பகம் பந்தல் ஓரத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயசு. கிழவர் கடைசி வருஷம் படுக்கையில் இருந்தபோது, திண்டிவனத்திலிருந்து அடிக்கடி ஓடிவந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினவள். கிழவரும் அவளுக்கு உண்டான மரியாதையைக் கொடுத்து, "கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்பார். சவுரிராயன் அவளைப் பார்த்தார். இந்தப் பக்கம் செத்தவர் பேர், அந்தப் பக்கம் இருக்கிறவள் வாழ்வு. அப்பனைக் கேட்டால் என்ன சொல்வார்? முத்தினதை அந்தப் பக்கம் தள்ளு என்பார். அதுதான் சவுரிராயனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"உன் சபாரிக்காக இல்லடா. அந்தப் பொண்ணுக்காக" என்றார்.

ஏரிக்கரையில் காரியம் நடந்தது. சீனுவாசன் நேரத்துக்கு வந்து சேர்ந்து, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். அவருக்கு இரண்டடி தள்ளி, தடியை ஊன்றிக்கொண்டு ராஜாமணி நின்றார். யாரும் கூப்பிடவில்லை. தன் பேருக்குக் காவலாகத் தானே வந்திருந்தார்.

"தகப்பனார் பேரைச் சொல்லி, மூணு தரம் எள்ளும் தண்ணியும் விடுங்க" என்றார் காரியம் செய்து வைக்க வந்த ஐயர்.

சவுரிராயன் செம்பைச் சாய்த்தார். தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டு, "ராஜா…" என்றார்.

"டேய் சவுரி!" ராஜாமணி ஒரே தாவலில் வந்து செம்பைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தாறு வயசில் அப்படித் தாவுகிறவனுக்கு இன்னும் முப்பது வருஷம் சாவு கிடையாது. "எம் பேருக்கா எள்ளுத் தண்ணி விடுற? அது நேரா வந்து என்னையில்ல புடிக்கும்!"

"விடு மாமா."

"நீ விடு மொதல்ல!"

"நான் விடத்தான் வந்திருக்கேன்!"

"தண்ணிய இல்லடா, செம்ப!"

இரண்டு கிழவர்களும் இழுத்துக்கொண்டார்கள். ஐயர் எள்ளைக் காப்பாற்றத் தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். செம்பு ஒரு பக்கம் போக, ராஜாமணி இன்னொரு பக்கம் போய் முழங்கால் அளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! செத்தது மண்ணாங்கட்டிதான்! நான் இல்ல! மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி!"

சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டான். போயிற்று. மூன்றாவது இடமும் போயிற்று.

சீனுவாசன் குடையைக் கீழே ஊன்றினார். சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு பத்திரிகைகளை எடுத்தார். ஒன்று திண்டிவனத்தில் அடித்தது. இன்னொன்று விழுப்புரத்தில் அடித்தது.

"இத நீங்க குடுத்தீங்க. இத பஸ்ஸுல கண்டக்டர் குடுத்தான்" என்றார். "ரெண்டுலயும் ஒரே ஊரு, ஒரே தேதி, ஒரே மகனுங்க. இந்த மண்ணாங்கட்டியும் ராஜாமணியும் ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தாங்க" என்றான் சின்னதுரை, கண்ணைத் திறக்காமல்.

"ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு!" என்றார் தண்ணீரில் இருந்த ராஜாமணி. "ஒருத்தன் செத்துட்டான், ஒருத்தன் நானு!"

"இருங்க பெரியவரே. செத்தது மொத்தம் எத்தினி பேரு?"

"ஒருத்தர்தாங்க" என்றார் சவுரிராயன். "எங்கப்பா. பேரு மண்ணாங்கட்டி. எங்க தம்பிக்கு வெக்கம், அதனால மாத்திட்டான். பொண்ணு மேல தப்பு இல்ல. சிரிக்கணும்னா சிரிச்சிக்கங்க, தண்ணிய விட்டுட்டு வந்து நானும் நிக்கிறேன்."

சீனுவாசன் சிரிக்கவில்லை. பெரிதாக ஒரு மூச்சை விட்டார். "அப்பாடா! ஒரே வூட்டுல ஒரே நாள்ல ரெண்டு பெரியவங்க போயிட்டாங்களே, இன்னா நோவோ, கெணத்துத் தண்ணியே கோளாறோன்னு எங்க வூட்டம்மா ஒரே பேஜாரு. 'அந்த வூட்டுல பொண்ணெடுக்கறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துக்கினு வா'ன்னு தொரத்தி விட்டா. ஒருத்தர்தானா? வயசாயிதானே போனாரு?"

"எம்பத்தாறுங்க."

"அப்ப இன்னா? நோவு இல்லாத வூடு."

"அப்ப… பேரு?" என்றான் சின்னதுரை, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"பேரு இன்னா பேரு? என் பொண்டாட்டிய நான் போயி சமாதானம் பண்ணணும். ஜல்தியா தண்ணிய விட்டு முடிங்கய்யா, ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

சவுரிராயன் செம்பைத் தேடி எடுத்து, மறுபடி ஏரித் தண்ணீரை மொண்டார். எள்ளை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"நீ சொல்றா."

"மண்ணாங்கட்டி" என்றான் சின்னதுரை, உதட்டுக்குள்.

"ஜவுளிக் கடையில பொடவ விக்கிறப்ப இப்பிடித்தான் பேசுவியா? சத்தமா!"

"மண்ணாங்கட்டி!" என்று கத்தினான் சின்னதுரை. கத்தின பிறகு அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சபாரிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சவுரிராயன் தண்ணீரை விட்டார். மூன்று தடவையும் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அப்பன் பேரைச் சொன்னார்கள்.

தண்ணீரிலிருந்து கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த ராஜாமணி, ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்து, "ஆமா, அவன்தான்… ஆமா, அவன்தான்…" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.